தீவுப் பள்ளிக்குப் புத்தகப் பெட்டி வந்தால் போதுமா?



கடல் கடந்து வாழும் நம்மவர்கள் பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏதேனும் செய்ய நினைத்தால், முதலில் அவர்கள் மனதில் தோன்றுவது புத்தகம்தான். பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்து இறங்குகிறது. மாலை மரியாதையுடன் விழா நடக்கிறது. படம் எடுத்துக் கொள்கிறார்கள். மறுநாள் அந்தப் புத்தகங்கள் அலமாரிக்குள் போகின்றன. அலமாரிக்குப் பூட்டும் விழுகிறது. “பிள்ளைகள் கையில் கொடுத்தால் கிழித்து விடுவார்கள்” என்பது காரணம். இரண்டு வருடம் கழித்துத் திறந்து பார்த்தால், அவற்றை முழுவதுமாக வாசித்து முடித்திருப்பது கரையான் மட்டுமே!

இது எங்கோ ஒரு பள்ளியின் கதை என்று தள்ளிவிட முடியுமா? உங்கள் ஊர்ப் பள்ளியிலும் அப்படியொரு அலமாரி இருக்கக் கூடும். புத்தகம் இருப்பது வேறு, வாசிப்பு இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை யாழ்ப்பாணத்துத் தீவுகளை வைத்துச் சற்றே சிந்திப்போம்.

கடல் சூழ்ந்த பள்ளிகள்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக மேற்கே போனால் வேலணையும் ஊர்காவற்றுறையும் வரும். இன்னும் போனால் புங்குடுதீவு. அதன் கரையில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் நயினாதீவு. நெடுந்தீவுக்குப் போக வேண்டுமானால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் போக வேண்டும். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும், நாகதீப விகாரையும், முஸ்லிம்களின் பள்ளிவாசலும் அந்தச் சின்னஞ்சிறு மண்ணிலேயே இருக்கின்றன.

இந்தத் தீவுகளின் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களில் பலர் நகரிலிருந்து பஸ்ஸிலும் படகிலும் வந்து போகிறார்கள். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் பாடம் நடக்காது. மாலையில் கடைசிப் படகைப் பிடிக்க வேண்டிய ஆசிரியையால், மணி அடித்த பிறகு பிள்ளைகளுடன் உட்கார்ந்து கதை வாசிக்க முடிவதில்லை. அவர் மீது குறை சொல்லி என்ன பயன்?

புத்தகத்தைப் பறிகொடுத்த வேதனையையும் இந்தப் பகுதி அறியும். 1981 மே 31ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானது. ஏறத்தாழ 97,000 நூல்களும், திரும்பப் பெற முடியாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பின்னர் கட்டடம் எழும்பி விட்டது. எரிந்த சுவடிகள் திரும்பவில்லை.

1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். உடுத்த துணியோடு புறப்பட்ட உம்மாமார்களால் பிள்ளைகளின் புத்தகப் பையைத் தேடி எடுத்துக் கொள்ள முடிந்திருக்குமா? புத்தளத்து ஓலைக் குடிசைகளில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. அதே போரில் தீவுகளின் தமிழ்க் குடும்பங்களும் ஊரை விட்டுச் சிதறின. இன்று அவர்களில் பலர் கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் வாழ்கிறார்கள். தங்கள் பழைய பள்ளிக்கு உதவ அவர்கள் கை நீட்டுகிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. அந்தக் கை எதைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நம் கேள்வி.

ஆசிரியரோடு ஆசிரியர்

தொலைதூரத்து ஆசிரியரிடமிருந்து கற்பதில் தவறு உண்டா என்று சிலர் கேட்கக் கூடும். நமது மார்க்கத்தின் வரலாறே இதற்கு விடை சொல்கிறது. வஹீயின் முதல் சொல்லே ‘இக்ரஃ’ என்ற கட்டளை. பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் மீட்புப் பணம் கொடுக்க வசதியில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்றார்கள். போர்க்களத்தில் எதிரே நின்றவர்கள், நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் ஆனார்கள்! ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் அப்படி எழுதக் கற்றவர்களில் ஒருவர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பின்னாளில் திருக்குர்ஆனை ஒன்று திரட்டும் பெரும் பணி அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. பெண்களில் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்த ஆசிரியை என்பதையும் மறந்து விடாதீர்கள்.

இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாற்றிலும் இது நடந்திருக்கிறது. 1883இல் ஆங்கிலேயரால் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு உராபி பாஷா கொழும்பில் வந்து இறங்கினார். கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை அவரோடு கை கோத்தார். வாப்பிச்சி மரைக்காரும் சேர்ந்து கொள்ள, 1892இல் மருதானையில் தொடங்கிய கல்விக்கூடமே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. ஆனால் சித்திலெப்பை வெளியிலிருந்து வந்தவரை நம்பி மட்டும் இருந்து விடவில்லை. அதற்கு முன்பே 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தத் தொடங்கியிருந்தார். 1885இல் ‘அசன்பேயுடைய கதை’ என்ற நாவலை எழுதினார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கித் தன் சகோதரியையே ஆசிரியையாக அமர்த்தினார். எகிப்திலிருந்து வந்த ஊக்கம் இங்கே வேர் பிடித்ததென்றால், வாசிக்கத் தமிழிலே எழுத்தும், கற்பிக்க வீட்டுக்குள்ளேயே ஆசிரியையும் இருந்ததால்தான்.

தீவுகளிலும் ஓர் உதாரணம் உண்டு. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913இல் பிறந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகள். ரோமாபுரி வரை சென்று படித்த பாதிரியார். தமிழ்நாட்டின் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக வந்து சேர்ந்த பிறகே, அங்கிருந்த தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து தமிழை முறையாகக் கற்றார். பின்னர் மலாயாப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தையும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டையும் உருவாக்கியதில் முன்னின்றார். பல நாட்டு ஆசிரியர்களை ஒரே மேசைக்கு அழைத்து வந்தவர், இந்தத் தீவு மண்ணின் பிள்ளை!

நமது சமுதாயத்தில் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களை அறியாதார் இலர். குர்ஆன் மத்ரஸாவில் ஓதி, யாழ் இந்துக் கல்லூரியில் படித்து, 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். ஏழை மாணவர்களுக்காக 1945இல் புலமைப்பரிசில் நிதியம் நிறுவியவர். மத்ரஸாவும் இந்துக் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கிய அறிஞர் அவர். பிற ஆசிரியரிடம் கற்றதால் அவருடைய ஈமானுக்குக் குறை வந்ததா, சொல்லுங்கள்!

பிஜித் தீவுகள் சொல்லும் பாடம்

தீவுப் பள்ளிகளுக்குத் தீவுப் பள்ளிகளே பாடம் சொல்லக் கூடும். பசிபிக் கடலில் உள்ள பிஜித் தீவுகளில் 1980இல் ஒரு சோதனை நடந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த வார்விக் எல்லி என்ற கல்வியாளரும், பிரான்சிஸ் மங்குபாய் என்ற பிஜிக் கல்வியாளரும் சேர்ந்து நடத்தினர். கிராமத்துப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் படங்கள் நிறைந்த 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழி அன்று. வேறு சில பள்ளிகளில் வழக்கமான பாடப்புத்தக முறையே தொடர்ந்தது.

புத்தகத்தோடு வேலை முடிந்து விடவில்லை. ஆசிரியர்களுக்குச் சிறு பயிற்சி தரப்பட்டது. நியூசிலாந்து வகுப்பறைகளில் பழக்கத்தில் இருந்த ஒரு முறையை அவர்கள் கற்றார்கள். அது மிக எளிமையானது. பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, எல்லோருக்கும் தெரியும்படி புத்தகத்தைப் பிடித்துக் கொண்டு, ஆசிரியர் உரக்க வாசிக்கிறார். அட்டையைக் காட்டி, “இது என்ன கதையாக இருக்கும்?” என்று கேட்கிறார். இடையில் நிறுத்தி, “அடுத்து என்ன நடக்கும்?” என்கிறார். மறுநாள் அதே கதை. இம்முறை பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்கிறார்கள். பிறகு படம் வரைகிறார்கள், நடித்துக் காட்டுகிறார்கள், தாங்களே கதை எழுதுகிறார்கள். வேறு சில வகுப்புகளில் தினமும் சிறிது நேரம் ஆளுக்கொரு புத்தகத்தை அமைதியாக வாசித்தார்கள், அவ்வளவே.

விளைவு என்ன தெரியுமா? ஓராண்டிலேயே, வாசிப்பில் இந்தப் பிள்ளைகளின் முன்னேற்றம் வழக்கத்தைப் போல் இரு மடங்காக இருந்தது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பயன் மற்றப் பாடங்களின் தேர்விலும் தெரிந்தது. 1990களின் நடுவில் இலங்கையின் சிறு பள்ளிகள் சிலவற்றிலும் இதே முறை செய்து பார்க்கப்பட்டு, அங்கும் பிள்ளைகள் நன்கு முன்னேறினார்கள்.

“கதைப் புத்தகம் பாடத்தைக் கெடுக்கும்” என்று சொல்லும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை என்றால் வீடே நடுங்குகிறது. ஒன்பது வயதுப் பிள்ளையை டியூஷன், மாதிரி வினாத்தாள் என்று துரத்துகிறார்கள். அந்த ஒரு வருடம் கதைப் புத்தகத்துக்கு வீட்டில் தடை! வினாவை விளங்கி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எத்தனை மாதிரி வினாத்தாள் கொடுத்து என்ன பயன்? பரீட்சைக்காகவாவது பிள்ளையை வாசிக்க விடுங்கள்.

யார் மொழியில், யார் கதை?

‘ரூம் டு ரீட்’ என்ற அமைப்பு நேபாளத்து மலைப் பள்ளிகளுக்கு ஆங்கிலப் புத்தகங்களைச் சுமந்து சென்றதில் பிறந்தது. வெகு விரைவில் அவர்களுக்கு ஓர் உண்மை விளங்கியது. அந்தப் பிள்ளைகள் தங்கள் மொழியில் வாசிக்கவே போதிய கதைப் புத்தகங்கள் இல்லை! உடனே உள்ளூர் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் கொண்டு தாய்மொழி நூல்களை வெளியிடத் தொடங்கினார்கள். 2005இல் இலங்கையில் பணி தொடங்கியபோது சிங்களத்திலும் தமிழிலும் பிள்ளைகளுக்கு நூல் செய்தார்கள். தமிழ் வாசிக்கவே திணறும் நெடுந்தீவுப் பிள்ளைக்கு, டொரன்டோவில் யாரோ படித்து முடித்த தடித்த ஆங்கில நாவலை அனுப்பினால், அது அலமாரியை நிரப்பும். பிள்ளையின் மனதை நிரப்புமா?

இன்று இதற்கு வழிகள் திறந்திருக்கின்றன. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் பிள்ளைக் கதைகளை இலவசமாக வாசிக்கலாம், அச்செடுக்கலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். தென்னாப்பிரிக்காவில் உருவான ‘ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்’ இதே வழியில் நடப்பது. கென்யாவின் கதையை நயினாதீவு ஆசிரியை தமிழாக்கலாம். நயினாதீவின் கதையை வேறொரு நாட்டு ஆசிரியை தன் மொழிக்குக் கொண்டு போகலாம். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் பாதுகாத்து எல்லோரும் வாசிக்கத் தருகிறது. 1981இல் எரிந்ததற்குப் பின், இனி எதுவும் அழியக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது.

இன்னொன்றும் கேளுங்கள். இலங்கையில் அக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். உலகப் பள்ளி நூலகர் சங்கமும் 2008 முதல் அக்டோபரையே உலகப் பள்ளி நூலக மாதமாகக் கொண்டாடுகிறது. படித்த பக்கத்துக்கு அடையாளமாக வைக்கிறோமே ‘புக்மார்க்’, அந்த அட்டையை ஒரு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து மற்றொரு நாட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்தும் அட்டைகள் வருகின்றன. செலவு தபால் தலைக்கு மட்டுமே. ஓர் அட்டையில் நெடுந்தீவின் குதிரையை வரைந்து, தான் படித்த கதையைப் பற்றி இரண்டு வரி எழுதும் பிள்ளை, தன்னை உதவி கேட்டு நிற்கும் ஏழைப் பிள்ளையாக நினைக்காது. கொடுத்து வாங்கும் சமமான பிள்ளையாக நினைக்கும். ஆசிரியர்களின் கூட்டுறவு என்றால் இதுதான். ஒரு பக்கம் மட்டும் கொடுத்துக் கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் தர்மம். தர்மம் நல்லதே, ஆயினும் அதனால் மட்டும் வாசிப்பு வளர்ந்து விடாது.

நம் வீட்டுப் பழக்கம்

சகோதரிகளே, உரக்க வாசித்துக் கேட்கும் முறை நமக்குப் புதிதா? உங்கள் உம்மம்மாவைக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெண்கள் அரபுத் தமிழில் மாலைகளும் முனாஜாத்துகளும் கிஸ்ஸாக்களும் வாசித்தார்கள். ஒரு பெண் ராகத்தோடு வாசிக்க, முற்றத்தில் பத்துப் பெண்கள் கூடியிருந்து கேட்டார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கைக் கரையிலும் அந்த நூல்கள் தோணியேறிப் போய் வந்தன. யாழ்ப்பாணத்து ஊர்களிலோ சனசமூக நிலையமும் வாசிகசாலையும் இல்லாத இடம் அரிது. ஒருவர் பத்திரிகையை வாசிக்க மற்றவர்கள் கேட்ட திண்ணைகள் அவை. பிஜித் தீவில் செய்ததும் இதுவே. நமது பாட்டிமார் தந்துவிட்டுப் போன பழக்கத்தை, நாம்தான் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் கைபேசிக்கும் கொடுத்து விட்டோம்.

இனி நாம் செய்யக் கூடியவை சில:

1. மஃரிபுக்குப் பின் ஓதல் முடிந்ததும், தினமும் பதினைந்து நிமிடம் பிள்ளைக்கு ஒரு கதையை உரக்க வாசியுங்கள். நபிமார்கள் வரலாறும் ஆகலாம், நல்ல பிள்ளைக் கதையும் ஆகலாம். புத்தகத்தை நீங்கள் முன்பே ஒருமுறை பார்த்து விட்டால், உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயமும் தீரும். கேள்வி கேளுங்கள், பரீட்சை வைக்காதீர்கள்.

2. உங்களுக்கு வாசிக்கத் தெரியாதா? பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். “பிறகு என்ன ஆச்சு மகள்?” என்ற உங்கள் ஒரு கேள்விக்காக அது அடுத்த பக்கத்தைப் புரட்டும். உங்களுக்குத் தெரிந்த பழங்கதையைச் சொல்லுங்கள். பிள்ளை அதை எழுதட்டும், படம் வரையட்டும், நூல் கொண்டு தைக்கட்டும். வகுப்புக்கு ஒரு புதிய தமிழ்ப் புத்தகம் தயார்!

3. பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது? புத்தகங்களை வகுப்பறைக்கே கொண்டு வரச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். கிழிந்தால் ஒட்டித் தரும் பொறுப்பைத் தாய்மார் ஏற்றுக் கொள்ளுங்கள். ஓரம் மடிந்து பழுப்பேறிய புத்தகம் அந்தப் பள்ளிக்கு அவமானம் ஆகாது. அது வாசிக்கப்பட்டதற்குச் சாட்சி.

4. குர்ஆன் மத்ரஸாவில் ஒரு சிறு தட்டு வையுங்கள். இருபது தமிழ்ப் புத்தகம் போதும். ஓத வரும் பிள்ளை ஒன்றை எடுத்துப் போய் மறுவாரம் திருப்பித் தரட்டும். ஊரில் மாற்று மதப் பிள்ளைகளும் இருந்தால் அவர்களும் எடுத்துக் கொள்ளட்டும். பிரிந்து போன ஊர்களை ஒன்று சேர்க்க இதைவிட எளிய பாலம் உண்டா?

5. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் மகனுக்கும் தம்பிக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள். பெட்டி கட்டும் முன், பள்ளி ஆசிரியையிடம் என்ன வேண்டும் என்று கேட்கட்டும். கப்பல் செலவில் பாதியைக் கொண்டு உள்நாட்டிலேயே தமிழ்ப் பிள்ளை நூல்கள் வாங்கலாம். அங்கே ஆசிரியராக இருக்கும் நம்மவர் ஒருவர், தீவுப் பள்ளி ஆசிரியை ஒருவரோடு நட்புக் கொள்ளட்டும். வாரம் ஒருமுறை கைபேசி வழியே அந்த வகுப்புக்கு ஒரு கதை வாசிக்கட்டும், அந்தப் பிள்ளைகள் வாசிப்பதையும் கேட்கட்டும். ஒரு நாள் விழாவாக முடியாமல் வருடக் கணக்கில் தொடரட்டும்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வயது வந்தவுடன் வெளியே போகும் வழிகள் அவர்களுக்குக் குறைகின்றன. படகேறி நகரத்து நூலகத்துக்குப் போவது எல்லோருக்கும் முடிகிற காரியம் அன்று. புத்தகம்தான் அவளைத் தேடி வீட்டுக்கு வர வேண்டும். இன்று வாசிக்கும் மகள், நாளை தன் பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் தாய். ஒருத்தியை வாசிக்க வைத்தால் ஒரு வீடே வாசிக்கும்.

எங்கிருந்து உதவி வந்தாலும் நன்றியோடு ஏற்போம். அதை வேர் பிடிக்கச் செய்யும் பொறுப்பு அந்தத் தீவின் ஆசிரியையிடமும், வீட்டில் இருக்கும் நம்மிடமும் இருக்கிறது. இன்றிரவே ஒரு புத்தகத்தை எடுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள்.

எழுதுகோலைக் கொண்டு கற்றுக் கொடுத்த வல்ல அல்லாஹ், நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைத் தேடும் ஆவலையும் அருள்வானாக! ஆமீன்.